எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை

தலையில் பாதி முடி கொட்டிய பிறகும் அக்காவுக்கு அவன் குட்டிதான். அந்தக் குட்டி பார்த்த வேலையை உதறிவிட்டு, நாலு வருஷம் உட்கார்ந்து ஒரு கேம் செய்திருந்தான். துப்பாக்கி, ஓட்டம், குதிப்பு எதுவும் கிடையாது. படம் வரும், கீழே வசனம் வரும், நடுநடுவே இரண்டு பட்டன் வரும். ஒன்றை அமுக்கினால் கதை நகரும். வருங்காலத்து நகரம், அங்கே சர்க்கரைக்குத் தடை. சர்க்கரை கேட்பவரைக் காட்டிக்கொடுக்காவிட்டால் நமக்குச் சிறை. மனித குலத்துக்கு விடிவே இல்லை என்று பன்னிரண்டு அத்தியாயங்களில் நிரூபித்துவிட்டுக் குட்டி நிம்மதியாகத் தூங்கினான்.

வெளியிட ஒரு கம்பெனி முன்வந்தது. ஒரே நிபந்தனை: கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவர் முழுசாக ஆடிப் பார்த்து, வெள்ளிக்கிழமை வீடியோ காலில் நிறை குறைகளைச் சொல்ல வேண்டும். அக்கா ஒப்புக்கொண்டாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பொய் சொல்ல வராது. அது அவளுடைய நிறை, குட்டியின் கெட்ட நேரம்.

வியாழக்கிழமை போன் செய்தான். “எத்தனாவது அத்தியாயம்க்கா?”

“முதல்லதான்டா. எதிர்வீட்டுக்காரர் வந்திருக்காரு.”

கேமில் எதிர்வீட்டுக்காரர் வருவது மூன்றாவது நிமிஷத்தில். ஓடினான்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் கையில் டீக் கோப்பையோடு சிரித்துக்கொண்டு நின்றார். எப்போதும் அப்படித்தான் நிற்பார். படம் வரைந்த நண்பன் முதல் படத்தோடு கல்யாணம் பண்ணிக்கொண்டு காணாமல் போயிருந்தான். ஏழாம் அத்தியாயத்தில் தூக்கில் போடும்போதும் அதே கோப்பை, அதே சிரிப்பு.

‘கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா?’ என்று வசனம். அதன் கீழே இரண்டு பட்டன்: ‘இப்போதே காட்டிக்கொடு’, ‘காலையில் காட்டிக்கொடு’.

“சர்க்கரை குடுக்க எங்கடா அமுக்கணும்?”

“குடுக்க முடியாதுக்கா. அதான் கதையே.”

“வாசல்ல வந்து நிக்கிற மனுஷனுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை இல்லைங்கறதா கதை? அம்மா உன்னை அப்படியா வளர்த்தாங்க?”

“சர்வாதிகாரம்க்கா! எந்தப் பக்கம் போனாலும் தப்பா இருக்கணும். அதுலதான் ஆழம்.”

“நான் கத்துக்குடுக்கிற கார்ல என் காலுக்கும் ஒரு பிரேக் இருக்கு. நீ ரெண்டு ஆக்சிலரேட்டரை வச்சுட்டு ஆழம்ங்கற.”

“அப்ப ஆடவே மாட்டியா?”

“ஆடிக்கிட்டுதானேடா இருக்கேன். திங்கள்கிழமைலேர்ந்து அவரை ஒருத்தனும் பிடிக்கல. நான்தான் ஜெயிக்கிறேன்.”

அக்காவின் கணவர் தட்டோடு வந்து உட்கார்ந்தார். “மாப்ளே, அவரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு. பாக்கவச்சு சாப்பிட ஒரு மாதிரியா இருக்கு.” போன தடவை கரண்ட் போனபோது, பேட்டரி தீர்ந்தால் எதிர்வீட்டுக்காரர் என்ன ஆவாரோ என்று பதறி, லேப்டாப்பைக் காருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, என்ஜினைப் போட்டு சார்ஜ் ஏற்றியவர் இவர்தானாம்.

வெள்ளிக்கிழமை, குட்டியும் பக்கத்தில் இருக்க, கம்பெனி மேடம் அக்காவின் போன் திரையில் வந்தார். “நிறைகள் சொல்லுங்க.”

“எதிர்வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். இத்தனை நாளா நிக்கிறாரு, முகம் சுளிக்கல. மியூசிக்கும் பிரமாதம். எங்க வீட்டுக்காரர் அதைக் கேட்டா உடனே தூங்கிடுறாரு.”

“குறைகள்?”

“கஞ்சத்தனம்.”

“முழுசா ஆடி முடிச்சீங்களா?”

ஆமாம் என்று சொல்லச் சொல்லிக் குட்டி கண்ணால் கெஞ்சினான்.

“இல்லைங்க. ஆடினா அவரைக் கொன்னுடுவாங்களாமே.”

மேடம் தொண்டையைச் செருமினார். “சாயங்காலத்துக்குள்ள முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. இல்லன்னா எங்களால எடுத்துக்க முடியாது.”

“நாலு வருஷம்க்கா!” என்றான் குட்டி.

அக்கா சண்டைக்கு வரவில்லை. லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினாள். “நீயே அமுக்கு. நான் பாக்கல.” நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவும் தட்டோடு திரும்பிக்கொண்டார்.

குட்டி விரலை வைத்தான். சோதித்துப் பார்க்க எத்தனையோ தடவை அமுக்கிய பட்டன்தான். அப்போதெல்லாம் பட்டனை மட்டும்தான் பார்த்திருந்தான். கோப்பையில் ஆவியே வரையப்படவில்லை என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. டீ ஆறிப்போயிருக்கும். விரல் இறங்க மாட்டேன் என்றது.

“சர்க்கரை குடுத்தா மிச்ச அத்தியாயமெல்லாம் குப்பைக்குப் போகும்க்கா. சிறை, விசாரணை, ரோபோ நீதிபதி...”

“அந்த நீதிபதி இல்லன்னு இங்க யாருடா அழுதா?” என்றது சுவர்ப்பக்கம்.

குட்டி மூன்றாவதாக ஒரு பட்டன் எழுதினான்: ‘உள்ளே வாங்க’. வருகிற மாதிரிப் படம் ஏது? இருந்த படத்தையே பெரிதாக்கினான். அக்கா திரும்பி வந்து அமுக்கினாள். எதிர்வீட்டுக்காரர் வளர்ந்துகொண்டே வந்து திரை முழுக்க முகமானார். அக்கா தன்னையறியாமல் நாற்காலியை நகர்த்தி இடம்விட்டாள். அதற்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. திரை இருண்டது.

“பிடிச்சுட்டாங்களா?” மாமா எழுந்தேவிட்டார்.

“இல்ல மாமா. உள்ளதான் இருக்காரு. இனிமேதான் எழுதணும்.”

குட்டி கம்பெனிக்குப் போன் போட்டான். “மேடம், இன்னிக்கு முடியாது. அவர் உள்ள வந்துட்டாரு. கதையே மாறிடுச்சு.”

‘மன்னிக்கவும்’ என்ற வார்த்தைக்காகக் குட்டி காத்திருந்தான்.

“நான் ஆடினப்ப அவரைப் பார்த்த உடனே காட்டிக்குடுத்துட்டேன்,” என்றார் மேடம் மெதுவாக. “யோசிக்கவே இல்ல. எழுதினதும் முதல்ல எனக்கு அனுப்புங்க.”

சமையலறையில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

“குட்டி! அவருக்கு எத்தனை ஸ்பூன்னு கேளுடா!”