கோயில் தோட்டத்து டீக்கன்

கல்யாணமாகி வந்த மறுவாரமே அற்புதமணிக்குத் தெரிந்துவிட்டது, தன் புருஷனுக்கு வீடு என்பது கைகால் கழுவுகிற இடம் மட்டும்தான் என்று. தேவபிரசாதம் விடியுமுன்னே மம்பட்டியோடு வயலுக்குப் போவார். பொழுது ஏறியதும் வந்து குளித்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, யாருக்காவது ஆஸ்பத்திரி, யாருக்காவது ஸ்கூல் சீட்டு என்று கிளம்பிவிடுவார். நாற்பது வயதுக்கு மேல் சனிக்கிழமைகளில் பக்கத்தூரான நாசரேத்துக்குப் போய் வேதம் படித்து, சம்பளமில்லாத உதவிகுருவாகப் பட்டம் பெற்றார். ஊரில் யாரும் உதவிகுரு என்று சொல்வதில்லை. டீக்கனையா என்பார்கள்.

அவரிடம் ஒரு குட்டியானை லோடு வண்டி இருந்தது. காலையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஏரல் சந்தைக்குப் போகிற அதே வண்டியில் மத்தியானம் பிரசவ வலியோடு ஒரு பெண் போவாள். சாயங்காலம் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியிலிருந்து ஒரு பிணம் வரும். நடுநடுவே வண்டியைக் கழுவி விடுவது அற்புதமணியின் வேலை. அவள் முணுமுணுத்தபடியே கழுவுவாள். ஆனால் அழுக்கு ஒட்டியிருக்க விடமாட்டாள்.

மெயின்ரோட்டை ஒட்டி உடைமரம் மண்டிக் கிடந்த வேதக்கோயில் நிலத்தை வெட்டித் திருத்தி வாழை வைத்ததும் அவர்தான். சொந்தமாக ஒரு சென்ட் இல்லாத குடும்பங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பாத்தியாகப் பிரித்துக் கொடுத்தார். கோயிலுக்கு வருகிற வேதக்காரர் என்றோ மற்றவர் என்றோ பார்க்கவில்லை. உப்பளத்தில் புருஷனைப் பறிகொடுத்த பேச்சிக்கு ஒரு பங்கு. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்த செல்வதுரையைக்கூட, "ஏலே, ராத்திரி பகலா கண்டெய்னரு சுமந்து என்னத்தக் கண்ட? மண்ணுல நில்லு" என்று பேசியே இழுத்து வந்துவிட்டார். வாழை நன்றாக வந்தது. கோயிலில் விருந்து வைக்கிற அசனப் பண்டிகைக்கு ஊரே சாப்பிட்ட இலை கோயில் தோட்டத்து இலைதான்.

பிறகு கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த வெள்ளம் வந்தது. குளங்கள் உடைந்து, ஆறு கரை மீறி, ஊருக்குள் மார்பளவு ஓடியது. ஜனங்கள் கோயில் மாடியில் கிடந்தார்கள். தண்ணீர் வடிந்தபோது தோட்டம் இருந்த இடத்தில் வெள்ளை மணல் மட்டும் கிடந்தது. நடுவே வாழைத் தலைகள் அங்கங்கே முறிந்து நீட்டிக்கொண்டிருந்தன.

எல்லோரும் சேர்ந்துதான் மணலை அள்ளினார்கள். ஒரு வருஷம் போல ஆயிற்று. மறுபடியும் கன்று வைத்தார்கள். கன்று மூச்சுப் பிடித்து எழுந்து, இதோ குலை தள்ளப்போகிறது என்ற நேரத்தில் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சள் விழுந்து, நடுநரம்பு ஒடிந்து, பாவாடை மாதிரி தண்டைச் சுற்றித் தொங்கின. தேவபிரசாதம் ஒரு வாழையைச் சாய்த்துக் கிழங்கை வெட்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருக்கவேண்டிய கிழங்கில் துருப்பிடித்த கம்பி ஓடினதுபோல் சிவப்புக் கோடுகள்.

விவசாய ஆபீசிலிருந்து வந்தவர் ஒளிக்காமல் சொன்னார். "வாடல் நோய், ஐயா. வெள்ளத்தோட வந்திருக்கு. இது மண்ணுக்குள்ள இருக்கும். இந்த நெலத்துல இனி வாழை வேண்டாம்."

அவர் கேட்கவில்லை. சுண்ணாம்பு போட்டார். வேப்பம்புண்ணாக்கு போட்டார். நோய் கண்ட வாழையைத் தோண்டி எரித்துவிட்டு வேறு கன்று வைத்தார். அதுவும் வாடியது. உளுந்து விதைத்துப் பார்த்தார். அள்ளியும் தங்கிப்போன மணலில் உளுந்தும் எழவில்லை. ஒவ்வொரு குடும்பமாக விலகிக்கொண்டது. செல்வதுரை மறுபடியும் துறைமுகத்துக்கே போனான். கடைசியில் தோட்டத்தில் அவரும் பேச்சியும்தான் நின்றார்கள்.

ஒரு நாள் பேச்சி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "யம்மா, ஐயா கீழ விழுந்துட்டாவ! பேச்சு மூச்சக் காணோம்."

அன்று அவருடைய வண்டியிலேயே, வேறு யாரோ ஓட்ட, அவரைக் கொண்டு போனார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் அற்புதமணியைத் தனியே கூப்பிட்டு, இருதயம் பாதி வேலைதான் செய்கிறது, மம்பட்டியைத் தொட்டால் இனி ஆள் தங்கமாட்டார் என்றார். வீட்டுக்கு வந்த மறுநாள் விடியுமுன் அவள் கண்விழித்துப் பார்த்தபோது கட்டிலில் அவரைக் காணவில்லை. மம்பட்டியையும் காணவில்லை.

அவள் தோட்டத்துக்கே போய் வழிமறித்தாள். "டாக்டரு சொன்னது காதுல விழலயா உங்களுக்கு?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"நாந்தான அந்தக் குடும்பங்களக் கூட்டிட்டு வந்தேன், அற்புதம். வாங்கன்னு சொன்ன வாயால போங்கன்னு எப்படிச் சொல்லுதது?"

"அவிய தன்னால போயி எத்தன மாசமாச்சு!"

அவர் குனிந்து வெட்டத் தொடங்கினார். மம்பட்டியை அவர் ஓங்குகிறபோதெல்லாம் அவளுக்கு நெஞ்சு வலித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். துறைமுகத்துக்குப் போய்வருகிற காலி கண்டெய்னர்களை அடுக்கி வைக்க ரோட்டோரமாக இடம் தேடினார்கள். கோயில் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை தருவோம் என்றார்கள். செல்வதுரை வீட்டுக்கு வந்து அற்புதமணியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சித்தி, ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சி கை தூக்கச் சொல்லுவாவ. பாதிப் பேரு ஐயா மொகத்துக்காவ பின்வாங்குவாவ. எனக்கும் சங்கடந்தான். ஆனா அங்கன இனி என்ன வெளையும்?"

தோட்டம் இருக்கிறவரை அவர் போவார். போகிறவரை விழுவார். அவளுக்கு வேறு வழி எதுவும் தென்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தேவபிரசாதம் எழுந்து பேசினார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மண்ணுக்குச் சீக்கு வந்தா மனுசன் மாதிரிதான், பாத்துக்கிடணும். இன்னும் கொஞ்ச வருசம் குடுங்க. கான்கிரீட் போட்டுட்டா அப்புறம் யாருக்கும் இல்ல" என்றார். பாதியில் மூச்சு வாங்கியது. பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயிலில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

குத்தகைக்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் சுற்றுச் சபைகளுக்கெல்லாம் குருவான சேகரத்து ஐயர்.

அற்புதமணி தூக்கிவிட்டாள். தூக்கின பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள். கோயில் முழுக்கக் கைகள். பிரேதத்தை அவர் கொண்டுவந்து இறக்கிய வீட்டார், பிள்ளைப்பேற்றுக்கு அவர் வண்டியில் போன பெண்கள், தோட்டத்தில் பங்கு வாங்கினவர்கள். ஐயர் எண்ணக்கூட இல்லை. அவளுடைய ஒரு கைக்கு அங்கே அவசியமே இருந்திருக்கவில்லை. சட்டென்று கீழே இறக்கினாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டிருந்தார்.

வீட்டில் அவர் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அவளால்தான் பொறுக்க முடியவில்லை.

"உங்க உசுருக்குப் பயந்துதான் தூக்குனேன். திட்டணும்னா திட்டிருங்க."

"திட்ட என்ன இருக்கு? என்னக் காப்பாத்தணும்னு நெனச்ச. காப்பாத்திட்ட." கையைக் கழுவிவிட்டுத் துண்டில் துடைத்தார். "இனி என்னத்தப் பண்ணுததுன்னுதான் தெரியல."

ஜேசிபி வந்தது. மிச்சம் கிடந்த ஆற்று மணலையும் வாழைக்கிழங்குகளையும் ஒரேயடியாக வழித்துத் தள்ளி, மேலே கல்பொடி கொட்டி, உருளை விட்டு இறுக்கினார்கள். சிவப்பும் நீலமுமாகக் கண்டெய்னர்கள் அடுக்கடுக்காய் ஏறின. காவலுக்கு ஏஜென்சி வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தது. ஊர்ப் பையன்கள் கேட்டுப் போனபோது, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லியனுப்பவில்லை. பேச்சி விடியற்காலையில் வேனில் ஏறித் தூத்துக்குடி மீன் கம்பெனிக்குப் போய் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிக்கிறாள். விரல்கள் வெந்தது மாதிரி ஆகிவிட்டன.

அந்த மாதம் திருவிருந்து ஆராதனை. அப்பத்தை ஐயர் கொடுத்துக்கொண்டு முன்னே போக, திராட்சரசப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பின்னே வருவது டீக்கனின் ஊழியம். அற்புதமணி மற்றப் பெண்களோடு முழங்காலிட்டாள். அவர் தனக்கு முன்னால் வரும்போது ஏதாவது நடக்கும் என்று அவள் நினைத்தாள். கை நடுங்கலாம், குரல் இடறலாம், ஒரு கணம் கண்ணைப் பார்க்கலாம். செல்வதுரையின் பெண்டாட்டிக்குச் சொன்ன அதே குரலில், "கிறிஸ்துவின் இரத்தம்" என்று சொல்லிப் பாத்திரத்தைச் சாய்த்தார். அவள் குடித்தாள். அவர் அடுத்தவளிடம் போனார்.

அதன் பிறகு அவர் வீட்டில்தான் இருந்தார். வயலைக் குத்தகைக்கு விட்டு, குட்டியானையைச் செல்வதுரையிடம் கொடுத்துவிட்டார். யாராவது ஆஸ்பத்திரிக்கென்று வந்தால், "அவன்கிட்ட போங்க" என்பார். நாளாக ஆக வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார். மாத்திரையைக் கொடுத்தால் விழுங்குவார். முப்பது வருஷமாக எந்த மனுஷன் வீட்டில் தங்கவேண்டும் என்று அவள் ஏங்கினாளோ, அந்த மனுஷன் நாள் முழுக்க வீட்டில் இருந்தார். அவளுக்கோ வீட்டில் யாருமே இல்லாதது போலிருந்தது.

போன வாரம் டாக்டரிடம் மறுபடியும் காட்டப் போனார்கள். டாக்டர் எக்கோ எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "நல்லா தேறியிருக்கு. இப்படியே இருந்தா பல வருஷம் பயமில்லை." தேவபிரசாதம் கும்பிட்டு நன்றி சொன்னார். அந்தப் பல வருஷத்தை நினைத்துத்தான் அற்புதமணிக்குப் பயமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் கொடுத்தாள். பஸ் சாயர்புரத்தைத் தாண்டியது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லி விசில் அடித்தார். பஸ் நின்றது. வெளியே, வாழைத்தோட்டம் இருந்த இடத்தில், மதிலும், மதிலுக்கு மேலே அடுக்கி வைத்த பெட்டிகளும்தான் தெரிந்தன. அவர் கண்ணைச் சுருக்கி அங்கேயும் இங்கேயும் பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"ஏளா, இதான் நம்ம ஊரா? இங்கனதான் எறங்கணுமா?"

"ஆமா, எழும்புங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் கையை உதறவில்லை. அவள் சொன்னபடியே படி பார்த்து, ஒவ்வொரு காலாக இறங்கினார்.