வலது காலில் ஓர் ஆணி

என் வீட்டுக்காரர் செல்வநாதனுக்கு ஐம்பத்தேழாவது வயதில் அப்போஸ்தலர் வேலை கிடைத்தது. ஒரு நாள் வேலைதான். பெரிய வியாழன் மாலைப் பூசையில் பன்னிரண்டு ஆண்கள் பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்காருவார்கள். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் மண்டியிட்டு, ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிடுவார். எங்கள் கோயிலில் வலது கால் மட்டும்தான். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக வேண்டும் என்று இவருக்கு இருபது வருஷ ஆசை. வாய் திறந்து கேட்கமாட்டார். பட்டியல் வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார், பட்டியல் முடிந்ததும் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுவார்.

இந்த வருஷம் பன்னிரண்டாம் நாற்காலிக்காரர் மகன் வீட்டுக்குப் பாரீஸ் போய்விட்டார். அந்த நாற்காலியை, இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் பெயரால், யூதாஸ் நாற்காலி என்று கேலி பேசுவது எங்கள் பங்குக் கோயிலில் வழக்கம், அதனால் யாரும் போட்டிக்கு வரவில்லை. ஃபாதர் ஜாக்சன் புதிதாக வந்தவர், கேலியெல்லாம் அவருக்குத் தெரியாது. இவர் பெயரை வாசித்தார்.

"யூதாஸ் நாற்காலியாவது ஒண்ணாவது. தண்ணி எல்லாருக்கும் ஒரே செம்புலேருந்துதான் செல்வி" என்றார் இவர். அன்றைக்கு முகத்தில் இருந்த பிரகாசத்துக்கு எங்கள் தெருவில் விளக்கே போட்டிருக்க வேண்டாம்.

மறுநாளிலிருந்து காலுக்கு ராஜ உபசாரம் ஆரம்பித்தது. பாத்ரூமைத் தாழிட்டுக்கொண்டு அரை மணி நேரம் கல்லால் தேய்ப்பார், தேங்காய் எண்ணெய் போடுவார், மறுபடி கழுவுவார். ஃபாதர் கழுவுவதற்கு அழுக்கே மிஞ்சாது போலிருந்தது. கேட்டால், "அழுக்குக் காலையா அவருகிட்ட நீட்டுறது?" என்பார். சரி, மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. பதினொரு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் காலை மூடி வைத்தால் நான் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

குருத்து ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை காலை வீடு துடைத்துக்கொண்டிருந்தேன். சிவப்புத் தரையில் பொட்டு வைத்ததுபோல ஒரு கறை. நாலு அடி தள்ளி இன்னொன்று. பாத்ரூம் வாசலில் தொடங்கிக் கட்டில் வரைக்கும் போயிற்று. கட்டிலில் இவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, காலைக் காட்டுங்க."

"காலா? அதெல்லாம் வியாழக்கிழமை ஃபாதருகிட்ட காட்டிக்கிறேன்."

நான் பேப்பரைப் பிடுங்கி, காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, மருந்துக்கடையில் விற்கிற ஆணி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதைச் சுற்றித் தோல் வெளுத்து ஊறியிருந்தது. அதற்கும் வெளியே சிவப்பு. தொட்டால் சுட்டது.

"கால் ஆணி செல்வி. தவக்காலம் ஆரம்பிச்ச வாரத்துலேருந்து இருக்குது. ஆண்டவருக்குக் கையிலயும் கால்லயும் அடிச்சாங்களே, எனக்கு ஒரு ஆணிதானே, இருந்துட்டுப் போவட்டும்னு ஒப்புக்கொடுத்துட்டேன்."

"ஒப்புக்கொடுத்தவரு பிளாஸ்திரி எதுக்கு ஒட்டுனீங்க?"

"ஃபாதர் முத்தம் குடுக்குற கால் இல்லையா?"

"வலிக்குதா?"

"அதான் அதிசயமே! மொத வாரம் லேசா குத்துச்சி. இப்ப சுத்தமா இல்ல. ஜெபம் கேட்கப்பட்டிருக்கு செல்வி, வலியே இல்ல!"

போலகத்தில் இருக்கும் என் அண்ணன் இதே இரண்டு வார்த்தையைத்தான் சொன்னார். சுண்டுவிரலில் ஒரு கொப்புளம், வலியே இல்லை, வலியே இல்லை என்று மூன்று வாரம் வயலுக்குப் போய் வந்தார். முதலில் விரல் போயிற்று, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாமே போயிற்று. இவருடைய காலை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனின் மடித்துக் கட்டிய வேட்டியை நினைத்தேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும், அதுவும் வந்தது.

"கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"வியாழக்கிழமை முடியட்டுமே."

"வெள்ளிக்கிழமை போவலாமா?"

"பெரிய வெள்ளி, ஒருசந்தி விரதம்."

"சனிக்கிழமை?"

"கோயில் ஜோடனை இருக்குது."

நான் ஆட்டோவுக்குப் போன் செய்தேன். என் பெயர் ஆரோக்கியசெல்வி. ஆரோக்கியத்தைப் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சர்க்கரைக்காரர்களின் காலுக்கென்றே சனிக்கிழமை உட்காருகிற டாக்டர் மெஹர் பானுவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் நீலத் துப்பட்டா, மேசையில் ஒரு பிடியில் செருகிய, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் நரம்பு. இவரைப் படுக்க வைத்து, பிளாஸ்திரியையோ புண்ணையோ தொடாமல், முதலில் இடது காலைப் பிடித்தார்.

"கண்ண மூடிக்குங்க. இந்த நரம்பால தொடுவேன். தெரிஞ்சா 'ஆங்'னு சொல்லுங்க."

இடது காலில் பத்து இடம் தொட்டார். ஏழு முறை 'ஆங்' வந்தது. பிறகு வலது காலுக்குப் போனார். விரல் நுனி, பாதத்தின் நடு, ஓரம், குதிகால் என்று ஒவ்வொரு இடமாக நரம்பு வளையுமளவு அழுத்தினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு சமர்த்தாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டரம்மா, வலது காலை இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

டாக்டர் அப்போது முடித்துவிட்டிருந்தார். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

பிளாஸ்திரியை எடுத்து, தடித்த தோலைச் சீவினார்கள். உள்ளேயிருந்து சீழ் வந்தது. இவர் முகம் மாறவே இல்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் உள்ளே இருந்த ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க போட்டுட்டு வந்த செருப்பு எங்க?" என்றார்.

ரப்பர் செருப்பைக் கொண்டுவந்தேன். தேய்ந்துபோன அடிப்பாகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். ரப்பரில் புதைந்து, மிளகு அளவில் ஒன்று மின்னியது. மேற்பக்கம் விரலால் தடவி, "இங்க முனை இருக்குது" என்று என் விரலையும் பிடித்து வைத்தார். சுருக்கென்றது.

"இது கால் ஆணி இல்லீங்க. செருப்பு ஆணி. நாலஞ்சு வாரமா ஒவ்வொரு அடிக்கும் குத்தியிருக்குது. நீங்க அதுக்கு மேலேயே நடந்திருக்கீங்க."

இடுக்கியால் பிடுங்கித் தட்டில் போட்டார். டங் என்றது. இவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, அதை உற்றுப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நம்ம பட்டறை ஆணி! அரை இஞ்சு. கோட்டுச்சேரி சோபாவுக்கு வாங்குனது!"

முப்பது வருஷமாகச் சோபா கட்டுகிறவர் இவர். வாயில் பத்து ஆணியைக் கவ்விக்கொண்டே பேசுவார். ஆணியை எண்ணாமலே கையால் அள்ளி எத்தனை என்று சொல்லுவார். அப்படிப்பட்டவர் காலுக்கடியில் இருந்ததைத்தான் தவக்கால ஆணி என்று ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருந்தார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது; டாக்டர் எதற்கும் ஒரு டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் பத்து நிமிஷம் நான் சொன்ன அருள் நிறைந்த மரியே கணக்கில் அடங்காது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பத் தொடல, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் டாக்டர். நான் "ஆமென்" என்றேன். டெட்டனஸ் ஊசி போட்டார், கட்டுப் போட்டார், முன்பாதத்தில் பாரம் விழாத ஒரு தடித்த செருப்பு கொடுத்தார். பிறகு நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நெசமாவே கால் ஆணியா இருந்தாலும் சர்க்கரை இருக்குறவங்க அந்த பிளாஸ்திரிய ஒட்டக் கூடாது. அதுல உள்ள மருந்து நல்ல தோலையும் சேத்து அரிச்சிடும். பிளேடு, கல்லு எதுவும் வேணாம். தெனமும் உள்ளங்கால பாருங்க, குனிய முடியலன்னா கண்ணாடிய கீழ வெச்சுப் பாருங்க. செருப்பு போடுறதுக்கு முன்னாடி கையவிட்டுத் தடவுங்க. புண்ணு, கொப்புளம், செவப்பு, வீக்கம், சூடு, நெறம் மாறுறது, சீழ், நாத்தம் எது இருந்தாலும் அன்னிக்கே வந்துடுங்க. வலிச்சாதான் வரணும்னு இல்ல. புண்ணு இருந்து வலி இல்லன்னா ஓடி வரணும்."

"நாங்க அடுத்த வாரம் வந்திருந்தா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இன்னிக்கே வந்துட்டீங்கள்ல. அதப் பேசுவோம்."

இவருக்கு வேறொரு கவலை. "வியாழக்கிழமை வலது கால்ல ஒரே ஒரு செம்புத் தண்ணி ஊத்திக்கலாமா டாக்டரம்மா?"

விஷயத்தை நான் விளக்கினேன். டாக்டர் கவனமாகக் கேட்டுவிட்டு, "ஆட்டோவுல போயி உக்காந்திருக்கலாம். கட்டுல ஒரு சொட்டு படக் கூடாது. அதான் இடது கால் இருக்கே?" என்றார்.

"வலதுதான் வழக்கம்..." என்று இழுத்தார் இவர். டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து, மாத்திரைகளுக்குக் கீழே தமிழில் எழுதினார்: வலது கால், தண்ணீர் கூடாது. இடது கால், தாராளம்.

அடுத்த நாலு நாளும் வீட்டில் ஒரு குழந்தையை வைத்துச் சமாளித்தேன். ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றால் கையெடுத்துக் கும்பிட்டார். "சொன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க செல்வி. இருவது வருஷம்." இடது காலைத்தான் நீட்டுவேன் என்று சத்தியம் செய்தார். அவர் சத்தியத்தில் பாதியை நம்பினேன். மீதிப் பாதிக்காகப் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்தேன்.

பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேரும் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்து காலை நீட்டினார்கள். ஃபாதர் ஒவ்வொரு காலாகக் கழுவ, என் கண்ணும் கூடவே போயிற்று. முதலாமவரின் குதிகால் வெடிப்பில் பென்சிலைச் செருகி வைக்கலாம். மூன்றாமவருக்குப் பெருவிரல் நகம் சதைக்குள் வளைந்து போய் வீங்கியிருந்தது. ஐந்தாமவருக்கு விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். எட்டாமவருக்குப் பெருவிரல் எலும்பு வெளியே புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பூசை நேரத்தில் மனசு இப்படியா போகும் என்று மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒன்பதாவது காலைப் பார்த்தேன். அது மட்டும் அழகான கால், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஃபாதர் பதினொன்றாம் நாற்காலிக்கு வந்தார். என் வீட்டுக்காரர் மெல்லக் குனிந்தார். அவர் கை வலது காலின் கட்டுக்குப் போயிற்று, விரல் முடிச்சைத் தேடியது. பாடகர் குழு ஒரு சரணத்தை முடித்து மூச்சு வாங்கிய நேரம்.

"இடது!" என்று கத்தினேன்.

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், வியாழக்கிழமையின் மீதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை கட்டு மாற்றப் போனபோது எங்கள் ஆட்டோவுக்குப் பின்னால் இன்னோர் ஆட்டோவும் வந்தது. "இவங்கல்லாம் யாரு?" என்று டாக்டர் கேட்டார். "என்னோட வேலை பாக்குற அப்போஸ்தலருங்க" என்றார் இவர். மூன்றாமவருக்கு நகத்தை வெட்டிச் சரிசெய்தார்கள். ஐந்தாமவருக்குக் களிம்பு. வெடிப்புக்காரருக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இவர் புண் பாதி ஆறியிருந்தது, அடியில் நல்ல சதை சிவப்பாக வளர்ந்திருந்தது.

இப்போது வியாழக்கிழமை. ஃபாதர் ஜாக்சன் என்னைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், முடிச்சில் இருந்த விரலைப் பார்த்தார். கழுத்தில் மாட்டியிருந்த மைக்கை மறந்துவிட்டார் போலிருக்கிறது, மெதுவாகப் பேசினாலும் கடைசி வரிசைவரை கேட்டது.

"ஐயா, எந்தக் கால்னு ஆண்டவர் சொல்லலையே. இடது காலையே குடுங்க."

இவர் என் பக்கம் திருடன்போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடது காலை நீட்டினார். ஃபாதர் செம்பைச் சாய்த்தார். நான் காலைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைப் பார்த்தேன். பத்து இடத்தில் மூன்று இடம் அந்தக் காலிலும் ஊமையாகிவிட்டது எனக்குத் தெரியும். இருபது வருஷம் காத்திருந்த தண்ணீர் விழுந்தும் இந்த மனுஷனுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று கண் இமைக்காமல் பார்த்தேன்.

இவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஆங்! சில்லுன்னு இருக்குது ஃபாதர்!"

மைக் அதையும் கோயில் முழுக்கக் கொண்டுபோயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றார்.

"ஊத்துங்க ஃபாதர்" என்று இவருக்கு முன்னால் நான் சொன்னேன்.