நாறாத மருந்து

மருந்து என்றால் நாற வேண்டும் என்பது மாமனாரின் கட்சி. அடித்தவன் தலை சுற்றி வரப்பில் உட்கார வேண்டும். நாலு தோட்டம் தள்ளி இருப்பவன் மூக்கைப் பொத்திக்கொண்டு "யாருய்யா அது?" என்று கத்த வேண்டும். அப்போதுதான் அது மருந்து. மற்றதெல்லாம் அவர் கணக்கில் பன்னீர்.

அதனால், வெள்ளரிக்கென்று மருமகள் வாங்கி வந்த பொட்டலத்தை ஒரு முறை மோந்து பார்த்ததுமே அவர் முகம் கோணிப் போனது.

"என்னம்மா இது, மூஞ்சிக்குப் பூசுற பவுடரா?"

"அசுவினிப் பூச்சிக்கு மாமா. இது செடிக்குள்ள போயி சாறோட சாறா ஓடும். இலையில மூக்கைக் குத்தி உறிஞ்சுது பாருங்க, அதுக்கு மட்டும் வாய் கட்டிப் போயிடும். அப்புறம் பட்டினியில சாகும். தேனீ அடைஞ்ச பிறகு சாயங்காலமா அடிச்சா அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"பட்டினி போட்டுக் கொல்றதா? வந்த விருந்தாளியையே அப்படி விரட்ட முடியாது. பூச்சியையா விரட்டப் போற?"

தேனீயில்தான் மருமகளின் உயிர் இருந்தது. வெள்ளரியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீ நடுவில் நடக்காவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். தேன்பெட்டிக்காரரின் காலில் விழாத குறையாகக் கேட்டு, தோட்டத்து ஓரத்தில் நாலு பெட்டி வைக்கச் சொல்லியிருந்தாள். கணவன் லாரி ஓட்டப் போய்விட்டதால் தோட்டம் அவள் கைக்கு வந்த முதல் பருவம் இது. காய் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பருவம் தோட்டம் தன் கைக்குத் திரும்பும் என்று மாமனார் ஏற்கெனவே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

அன்று சாயங்காலமே தெளித்தாள். இரண்டாம் நாள் மாமனார் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். அசுவினிக் கூட்டம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

"பார்த்தியா? பந்தியில இடம் பிடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கு!"

"அதுங்க சாப்பிடல மாமா. சும்மா உட்கார்ந்திருக்கு."

"நான்கூடத்தான் பத்து வருஷமா சும்மா உட்கார்ந்திருக்கேன். செத்தா போயிட்டேன்? நாளைக்குக் காலையில என் மருந்து கேன் இறங்கும்."

கொட்டகையில் இருந்த அந்த கேன் லேசுப்பட்டதல்ல. புழு, வண்டு, தேனீ, பக்கத்து வீட்டுக் கோழி என்று அது யாரையும் வித்தியாசம் பார்த்ததில்லை. அவரிடம் எடுத்துச் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆனால் மாமனாரின் பொறுமை இரண்டு நாளைக்கு மேல் தாங்காது என்பது மருமகளுக்குத் தெரியாதா? தெளித்த அன்றே வீட்டுக்குப் பின்னால் ஒரு பானையில் அழுகின வெங்காயம், பூண்டு, மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் போட்டு ஊறவைத்திருந்தாள். அதே நிறத்தில் புது கேன் ஒன்று வாங்கி, மண்ணில் உருட்டிப் பழசாக்கினாள். பானைத் தண்ணீரை வடிகட்டி அதில் ஊற்றினாள். அசல் கேன் பூட்டிய பெட்டிக்குள் போனது. மாமனாரின் தெளிப்பானையும் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி வைத்தாள். திருட்டு வேலைதான். ஆனாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

காலையில் மூடியைத் திறந்த மாமனார் கண் கலங்கினார். "ஆஹா, இதுவல்லவோ மருந்து!" என்று தோட்டம் முழுக்க அடித்துத் தள்ளினார். நாலு தோட்டத்துக்கு அப்பாலிருந்து வசவு வந்தது. அவருக்கு அது பாராட்டு.

பட்டினி முற்றிய அசுவினிகள் சரியாக மறுநாள் காய்ந்து கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மாமனார் போகிறவர் வருகிறவரை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து இலையைத் திருப்பிக் காட்டினார். "ஒரே அடி!"

சேதி கேள்விப்பட்டுத் தேன்பெட்டிக்காரர் தலைதெறிக்க ஓடி வந்தார். பெட்டிகளைத் திறந்து பார்த்தவர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை. ஒண்ணுகூடச் சாகல."

"ஒண்ணுகூடவா?" மாமனாரின் முகம் விழுந்துவிட்டது.

"உங்க மருந்துக்கு நல்லவங்க யாரு, கெட்டவங்க யாருன்னு தெரியுது மாமா," என்றாள் மருமகள் அவசரமாக.

"ம்," என்றார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிட்டு இலையைக் காட்டவில்லை. கேனை மோந்து பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, முதுகில் தெளிப்பானோடு படுக்கையறை வாசலில் வந்து நின்றார்.

"உங்க கட்டில்ல மூட்டைப்பூச்சின்னு என் பையன் சொன்னானே? சாறு உறிஞ்சுறதே அந்தப் பாடு பட்டுச்சு. ரத்தம் உறிஞ்சுறது தப்புமா?"

"ஐயோ மாமா, படுக்கிற ரூம்லயா?"

"வேண்டாம்னா விடு. தேனீகூடச் சாகாத மருந்து, வீரியம் செத்த மருந்துதானே? இதைக் கொட்டிட்டுப் புது கேன் வாங்கிட்டு வந்து, நாளைக்குத் தோட்டத்துல இன்னொரு அடி அடிச்சுடறேன். இல்ல, இதுலயே மூட்டைப்பூச்சி சாகுதான்னு பார்ப்போமா? நீயே சொல்லும்மா."

மருமகள் கட்டிலைப் பார்த்தாள். ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தாள். மஞ்சள் பூக்களின் மேல் தேனீக்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பிஞ்சு பிடிக்க இன்னும் ஒரு வாரமாவது வேண்டும். கணவன் நாளைக்கு வருகிறான்.

"அடிங்க மாமா," என்று சொல்லிவிட்டுத் தலையணைகளை அள்ளிக்கொண்டாள்.

அவர் கட்டில் காலில் தொடங்கி மெத்தை மடிப்பு, சுவர் மூலை என்று ஓர் இடம் விடாமல் நிதானமாக அடித்தார். முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதே. ஜன்னலை மட்டும் திறந்து வெச்சுக்கோ. வெங்காயம் இதுவரைக்கும் யாரையும் கொன்னதில்ல."