வேதசாட்சிக்கும் வெள்ளிக்கிழமை மரக்கறி

கிறிஸ்துவுக்காகத் தலை வெட்டப்பட்டு ஆயிரத்து எழுநூறு வருசமான வேதசாட்சி ஒருவர், போன மாசி மாதத்திலிருந்து நெளுக்குளத்தில் சிவரூபி வீட்டுக் குசினிக்கு வெள்ளிக்கிழமைகளில் வந்து போகிறார். கையில் கொண்டுவரும் தலையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருப்பார். தேத்தண்ணியைத் தலை குடிக்கும். வெள்ளியில் அவருக்கும் மரக்கறி, சைவக் குடும்பமான இவர்களுக்கும் மரக்கறி. ஆகையால் சமையலில் ஒரு சிக்கலும் வரவில்லை. சிவரூபி வரலாற்று விரிவுரையாளர். ஆதிக் கிறிஸ்தவர்கள் கொலைக்களத்திலும் பகிடி விட்டார்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் எழுதியதைப் பிடித்துக்கொண்டு பழைய வேதசாட்சி வரலாறுகளைப் படித்துவந்தாள். தன்னை வெட்ட வந்து மழுங்கிய வாளோடு திணறியவனிடம் ஒருவர், "ஆறுதலாத் தீட்டிக்கொண்டு வாரும் தம்பி, எனக்கு வேற அலுவல் இல்லை" என்று சொன்ன இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன் அந்த ஒருவரே வாசலில் நின்றார். "இவ்வளவு காலமும் எல்லாரும் அழுதுதான் வாசிச்சவை. சிரிச்ச முதல் ஆள் நீர்தான் பிள்ளை."

கணவன் ரஜிதனுக்கு வயிறு எரிந்தது. கூத்தில் நகைச்சுவை என்று ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் எடுத்தவன் அவன். கல்யாணமான நாள்முதல் அவன் விட்ட பகிடிகளுக்கெல்லாம் மனைவி, "ஓம், விளங்குது" என்றுதான் சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்பு தனக்கு வரவேண்டியது என்று அவன் நம்பினான். பக்கத்து வீட்டு வடிவம்மா வேலிக்கு மேலால், "வெள்ளிக்கிழமையில உங்கட வீட்டில நல்ல சிரிப்புச் சத்தம்" என்று சந்தோசமாகச் சொன்ன அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனியில் ஒரு வெள்ளி, அவரைத் துரத்தவென்றே ரஜிதன் கருவாட்டுக் குழம்பு வைத்தான். பிறந்ததிலிருந்து வெள்ளியில் மச்சம் தொடாதவன். "இண்டைக்கு வெள்ளியெல்லே!" என்று சிவரூபி மூக்கைப் பொத்தினாள். தலை மணந்து பார்த்தது. "போடும் தம்பி. என்ர வாயும் வயிறும் பிரிஞ்சு கனகாலம். விரதம் முறிஞ்சதெண்டு ஆரைப் பிடிக்கிறது?" சிவரூபி சிரித்தாள். ரஜிதனுக்குப் பொறுக்கவில்லை. அகப்பையோடு நின்று, பகிடிக்கில்லாமல், உண்மையான எரிச்சலில் கேட்டான்: "அப்ப இவ்வளவு நாளும் என்ர சீனியைப் போட்டுக் குடிச்ச தேத்தண்ணி எங்க ஐயா போனது?"

தலை கண்ணை உருட்டி உடம்பைப் பார்த்தது. கதிரையிலிருந்த உடம்பு இரண்டு கையையும் விரித்தது. சிவரூபி மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, புருசனைப் பார்த்துச் சிரித்தாள். "ஐயோ, காணுமப்பா, காணும், வயிறு நோகுது!" ரஜிதன் அகப்பையைக் கீழே வைக்கவும் மறந்துபோனான்.

வேதசாட்சி இன்னும் வருகிறார். தலையை மேசையில் வைக்கும்போது மட்டும், அவர்கள் இருவரும் இருக்கும் பக்கம் பாராமல், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறார். இப்போது வயிறு எரிவது அவருக்கு என்று நெளுக்குளம் முழுவதற்கும் தெரியும். தேத்தண்ணிக்கு மட்டும் நேரம் தவறுவதில்லை.