புளி போட்டு விளக்கிய ரீல்

தூண்டில் நூலைச் சுற்றும் ஒரு ரீல் வாங்க மனிதன் எத்தனை யோசிக்கலாம் என்று தெரிய வேண்டுமானால் பூந்தமல்லியில் தசரதனைத்தான் கேட்க வேண்டும். பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் இவ்வளவு யோசித்தவனில்லை. தாட்சாயிணியை ஒரு தடவை பார்த்தான், சரி என்று தலையாட்டினான், கல்யாணம் முடிந்தது. ரீலை மட்டும் ஆடியில் பார்க்கத் தொடங்கி ஐப்பசி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

எல்லாம் வாட்கின்ஸ் துரையால் வந்தது. பட்டணத்தில் துரையின் கம்பெனியில் தசரதன் குமாஸ்தா. துரை ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரில் செம்பரம்பாக்கம் ஏரிக்கு மீன் பிடிக்க வருவார். முகப்பேர் ஏரிக்கரையில் வளர்ந்த தசரதனுக்கு விரால் எங்கே படுத்திருக்கும் என்று தெரியும் என்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிற்று. ஒரு ஞாயிறு அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கம்பெனியில் இருந்த அத்தனை குமாஸ்தாக்களில் துரையின் பக்கத்தில் உட்கார்ந்து போனவன் அவன் ஒருவன்தான். அதற்கப்புறம் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது, துரையின் கண்ணுக்குத் தானும் ஒரு மனிதனாகத் தெரிய வேண்டும் என்பதே அவன் மூச்சாகிவிட்டது.

மூங்கில் கழியும் நூலுமாக அவன் வந்து நின்றதைப் பார்த்த துரை, கழியை நான் தருகிறேன், ஒரு நல்ல ரீலாக வாங்கிக்கொள், சும்மா பளபளப்பைப் பார்த்து வாங்காதே, காலத்துக்கும் உழைக்கிற மாதிரி வாங்கு என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான். சனிக்கிழமை தவறாமல் மவுண்ட் ரோடு கடையில் போய் நின்றான். மரத்தில் கடைந்தது ஒன்று. கறுப்பு ரப்பரைக் கெட்டிப்படுத்திச் செய்தது ஒன்று. அலுமினியத்தில் ஒன்று. கறுப்புப் பூச்சுப் பூசிய பித்தளையில் ஒன்று. கட்டைவிரலால் அழுத்தி ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பான். காதருகே வைத்துச் சுற்றிப் பல்சக்கரத்தின் சத்தம் கேட்பான். கைப்பிடி ஆணியை நகத்தால் நெம்பிப் பார்ப்பான். கடைக்காரர் முகம் சுளிக்கும்போது கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிடுவான்.

வீட்டுக்கு வந்ததும் தாட்சாயிணிக்குப் பாடம் நடக்கும். கிணற்றுத் தாம்புக் கயிற்றைச் சொம்பில் சுற்றி வைத்துக்கொண்டு, விரால் இழுத்தால் சொம்பு இப்படிச் சுற்றும், நாம் இப்படி விட்டுப் பிடிக்க வேண்டும் என்று காட்டுவான். அலுமினியம் லேசுதான், ஆனால் கீழே விழுந்தால் விளிம்பு நெளிந்துவிடும், நெளிந்தால் உள்சக்கரம் உரசும் என்பான். ரப்பர் உடையும் என்பான். கடைசியில் மரமா பித்தளையா என்று வந்து நின்றது. முடிவு சொன்னவள் தாட்சாயிணிதான்.

"மரம்னா மழையில ஊதிக்கும்ங்க. நம்ம ஊட்டுக் கதவைப் பாருங்க, ஐப்பசி வந்தா சாத்த முடியுதா? பித்தளையே வாங்கிடுங்க. வெளக்கி வெளக்கி வெச்சா நம்ம புள்ள காலத்துக்கும் வரும்."

தசரதன் பித்தளையே வாங்கினான். தன் முடிவு என்றுதான் துரையிடம் சொன்னான். துரை, பார்க்காமலே, சரியான முடிவு என்றார்.

ரீலைக் கண்டதும் தாட்சாயிணிக்கு மனசு பகீரென்றது. பித்தளை என்றார், இதென்ன அடுப்பில் போட்டெடுத்தது போல் கறுத்துக் கிடக்கிறது? கடைக்காரன் யாரோ போட்டுவிட்டுப் போன பழசை இவர் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தாள். வெயில் பட்டு மின்னினால் மீன் மிரண்டுவிடும் என்பதற்காகவே அந்தக் கறுப்பைப் பூசுகிறார்கள் என்பதை அத்தனை பாடம் நடத்திய தசரதன் ஒரு நாளும் சொல்லவில்லை. அவன் அதைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுவதைப் பார்த்து, ஏமாந்துவிட்டீர்கள் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

கார்த்திகையில் ஏரி நிரம்பிய பிறகு வந்த முதல் ஞாயிறு. விராலுக்கு இரை போடத் தவளை பிடிக்க விடியற்காலையில் தசரதன் வயல் பக்கம் போனான். தாட்சாயிணி ரீலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் கை நோகத் தேய்த்தாள். கறுப்பு போய்ப் பொன்னாக வந்தது. துடைத்து, ஒரு குங்குமப் பொட்டு வைத்து, பையில் போட்டுக் கட்டிவிட்டாள். அவன் திரும்பி வரவும் தெருமுனையில் மோட்டார் கூப்பிடவும் சரியாக இருந்தது. அவிழ்த்துப் பார்க்க நேரமில்லை.

ஏரிக்கரையில் துரைக்கு முன்னால்தான் பையை அவிழ்த்தான். வெயிலில் அது ஜொலித்த ஜொலிப்பில் துரை கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு குங்குமத்தைப் பார்த்தார். இன்று மீன்களெல்லாம் இதில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளப்போகின்றன என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிபன் கூடையோடு நின்ற பட்லர் அப்துல் முத்தலிப்பும் வாயைப் பொத்திக்கொண்டான். தசரதன் குங்குமத்தை வேட்டி நுனியால் அழித்தான். காது மடல் இரண்டும் எரிந்தன.

அதோடு போகவில்லை. மதியத்துக்குள் ஒரு பெரிய விரால் மாட்டியது. இழுத்துக்கொண்டு ஓடியது. ரீல் கரகரவென்று கொஞ்சம் சுற்றி, அப்படியே இறுகி நின்றுவிட்டது. நூல் அறுந்தது. துரை சின்னத் திருப்புளியால் ரீலைத் திறந்தார். பல்லுக்குப் பல் செங்கல்பொடி, நடுவில் புளிநார். இதைச் செய்த மகானுபாவர் யார் என்று கேட்டார்.

என் மனைவி என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? தசரதனுக்கு வாயில் கொழுக்கட்டை அடைத்துக்கொண்டது. வேலைக்காரி என்று இங்கிலீஷில் சொன்னான்.

துரையின் முகம் உடனே மாறியது. சிரிப்பு போய், சொந்தக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவன் தோளைத் தட்டி, என் வீட்டிலும் இதே தொல்லைதான், இந்த வேலைக்காரர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். ரீலைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அவனோடு வேலைக்காரர்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தசரதனும் பேசினான். அதுதான் வெட்கக்கேடு. பூந்தமல்லி வருவதற்குள், இல்லாத வேலைக்காரியைப் பற்றி இன்னும் இரண்டு குறை சொல்லியிருந்தான். தாட்சாயிணியை அவர்கள் சிரிப்பிலிருந்து காப்பாற்றத்தானே சொன்னேன் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். அவனுக்கே அது ஒட்டவில்லை.

வீட்டில் தாட்சாயிணி வாசலிலேயே நின்றாள்.

"தொரை பாத்தாரா? இன்னா சொன்னாரு?"

ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார், அவர் வீட்டில் காட்ட எடுத்துப் போயிருக்கிறார் என்றான். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அப்போதுதான் கடைக்காரன் ஏமாற்றியதையும், அவன் மனசு நோகக் கூடாதென்று தான் சொல்லாமலே தேய்த்ததையும் சொன்னாள். கை விரல்களில் செங்கல்பொடி அறுத்த கீறல்களைக் காட்டிச் சிரித்தாள். தசரதன் வேறு பக்கம் திரும்பிச் சட்டையைக் கழற்றி மாட்டினான். அந்த வாரம் முழுக்க அவள் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பெருமை பேசுவது அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கூனிக் குறுகினான். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பான், உப்புக் கொஞ்சம் குறைச்சல் என்று முடிப்பான்.

அடுத்த ஞாயிறு மோட்டார் சீக்கிரமே வந்துவிட்டது. தசரதன் உள்ளே சட்டையில் ஒரு கையை நுழைத்திருந்தான். தாட்சாயிணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாம்பல் கையோடு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் வண்டி நுழையாது. அப்துல் முத்தலிப் நடந்து வந்தான்.

"நீதானேம்மா இந்த ஊட்டு வேலைக்காரி?"

அவள் புரியாமல் பார்த்தாள்.

"சக்கரத்தைப் புளி போட்டு வெளக்கினது நீதானே? வேலைக்காரி வெளக்கிட்டான்னு ஒங்க ஐயா தொரைகிட்ட சொல்லச்சொல்ல நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். பயப்படாதே, நல்ல சேதிதான். தொரைசானி அதைப் பாத்துட்டு, நம்ம ஊட்டுப் பாத்திரத்துக்கு இவதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க."

உள்ளே தசரதன் மரமாக நின்றான். வெளியே போய் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தாட்சாயிணி என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தான். அவள் சொல்வதை வைத்துத் தான் தப்பிக்கலாமா என்றுகூட ஒரு மூலையில் நினைத்தான்.

"ஆமாங்க. நான்தான்."

"இங்க இன்னா சம்பளம் தர்றாரு?"

"சம்பளம்லாம் இல்லீங்க. சோறு போடறாரு. வருசத்துக்கு ரெண்டு பொடவை எடுத்துத் தர்றாரு."

பட்லர் 'உச்' கொட்டினான். ஐயாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் உள்ளே வந்தாள். அழுவாள், ஏசுவாள் என்று தசரதன் எதிர்பார்த்தான். ஏசியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் சாம்பல் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த ஆளுகிட்ட இன்னா சொல்லட்டும்?"

தசரதன் வெளியே போனான். சொல்லிவிடுவது என்றுதான் போனான். தெருமுனையில் மோட்டாரும், அதில் துரையின் தொப்பியும் தெரிந்தன.

"அவளை அனுப்ப முடியாது. அவ இல்லேன்னா எனக்கு ஊடு நடக்காது."

நல்ல வேலைக்காரியை யார்தான் விடுவார்கள் என்று பட்லர் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தான்.

தாட்சாயிணி கையைக் கழுவிவிட்டு மீன் பையை எடுத்துவந்தாள். கதவோரம் ஒதுங்கி, தலை குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினாள். வேண்டுமென்றே வேலைக்காரி மாதிரி நிற்கிறாள், என்னைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துத் தசரதன் துடித்துப்போனான். பையை வாங்கிக்கொண்டு இறங்கினான். பாதித் தெரு போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவள் எதையும் குத்திக் காட்டவில்லை. எல்லா ஞாயிறும் அதே இடத்தில், அதே மாதிரி ஒதுங்கி நின்றுதான் பையைக் கொடுப்பாள். அப்துல் முத்தலிப் சந்தேகப்பட அதில் எதுவுமே இல்லை.

அவன் வருவதைப் பார்த்து, மோட்டாரில் துரை நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.