நிரப்பக் கூடாத வரி

1

இந்தக் கதை எனக்குச் செருப்புக் கடையில் கிடைத்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண், "கதவைத் திற, நான் உனக்காகக் காத்திருக்கேன்" என்று உருகிக்கொண்டிருந்தாள். பின்னால் வயலின் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காலில் புதுச் செருப்பும் இன்னொரு காலில் பழசுமாக அப்படியே நின்றேன். அது என் அக்கா வேலை பார்க்கும் தையல் கூடத்துப் பாட்டு.

(முதலில் 'இசைக்கு எல்லைகள் கிடையா' என்று ஆரம்பித்து, அடித்துவிட்டேன். அப்படிச் சொல்கிறவர்களை ஒரு நாள் அந்தக் கூடத்தில் உட்கார வைக்க வேண்டும்.)

2

அக்காவின் கூடத்தில் வேலை தொடங்கியதும் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். துணி திருட்டுப் போகிறதாம். சாவி மேற்பார்வையாளர் இடுப்பில் தொங்கும். அவருக்குப் பெண்கள் வைத்த பெயர் 'பூட்டு'. அக்காவுக்குப் பக்கத்து மெஷினில் பொத்தான் தைத்தவள் கட்டிய பாட்டு அது. மெஷின் ஓடுகிற வேகத்தில், கோபமாகப் பாடுவார்கள்:

கதவத் தொற, காத்து வரட்டும்
கதவத் தொற, நாங்க

முதல் தடவை பாடியபோது அந்த இடத்தில் பூட்டு உள்ளே வந்துவிட்டார். கப்சிப். பிறகு அவர் வராத நாளிலும் அங்கேயே நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. ஒரு வரி நேரத்துக்கு மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து பாடுவார்கள். மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன் என்று பொத்தான்காரி கண்ணடிப்பாளாம்.

சொல்லவே இல்லை. இஸ்திரிப் பக்கம் தீப்பிடித்த அன்று பூட்டு சாப்பிடப் போயிருந்தார். அவர் ஓடிவந்து திறந்ததும் எல்லாரும் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவள் வரவில்லை. அடுத்த வாரமே கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டினார்கள்.

[இங்கே புகையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அக்கா படித்துவிட்டு, "நீ அங்க இருந்தியா?" என்றாள். எடுத்துவிட்டேன்.]

3

பெண்கள் பாடியதை யாரோ கைபேசியில் எடுத்த பதிவு எங்கெங்கோ சுற்றி, செருப்புக் கடையில் உருகிய அந்தப் பாடகியிடம் போயிருக்கிறது. அவளைத் தேன்குரல் என்றே வைத்துக்கொள்வோம். அவளைக் கெட்டவளாக எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் பேட்டியில், "பாட்டு பாதியில நிக்குது, பாவமா இருந்துச்சு, முடிச்சு வெச்சேன்" என்கிறாள். துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது. கத்திக் கேட்டதைக் கெஞ்சலாக்கிவிட்டு, புண்ணியம் செய்த மாதிரி பேசுகிறாள்!

பாடினால் திட்டு விழுந்த அதே கூடத்தில் இப்போது நாள் முழுக்க அவள் பாட்டு ஓடுகிறது. வேலை சுறுசுறுப்பாக நடக்கிறதாம். இதற்கு மேல், வீடியோவும் அங்கேயே எடுக்கப்போகிறார்கள். பெண்கள் பின்னால் உட்கார்ந்து சேர்ந்து பாட வேண்டும். அக்கா சரி என்று சொல்லிவிட்டாள்.

"வெக்கமா இல்லையா உனக்கு? பல்லைக் காட்டிக்கிட்டுப் பாடப்போறியா?"

"கேமராக்காரங்க உள்ள வந்து போகணும்ல. அன்னைக்கு ஒரு நாளாவது கதவு தொறந்திருக்கும்டா."

4

முடிவு அ: உண்மை தெரிந்து தேன்குரல் அழுகிறாள்.

"அவ அழுதா கதவு தொறந்துக்குமா?" என்றாள் அக்கா.

முடிவு ஆ: பெண்கள் 'பூட்டு' மனுஷனை உள்ளே தள்ளி வெளியே பூட்டுகிறார்கள்.

அக்கா சிரித்துவிட்டாள். "நல்லாத்தான் இருக்கு. மறுநாள் எனக்குப் பதிலா நீ வேலைக்குப் போவியா?"

முடிவு இ: பொத்தான்காரி விட்டுப்போன வரியை நானே எழுதினேன். அருமையான வரி. படித்ததும் அக்காவின் முகம் மாறியது.

"அந்தப் பொண்ணு பண்ணினதத்தானே நீயும் பண்றே? செத்தவ வாயில உன் வார்த்தைய ஏன்டா திணிக்கிறே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் வரியை அடித்துவிட்டேன், அது என்னவென்று யாரும் கேட்க வேண்டாம்.

5

படப்பிடிப்பு நாளைக்கு. பெண்கள் பேசி வைத்திருக்கிறார்கள். தேன்குரலோடு சேர்ந்து பாடுவார்கள். பொத்தான்காரி நிறுத்திய இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு மெஷினை மட்டும் ஓட்டுவார்கள். எத்தனை தடவை எடுத்தாலும் அப்படித்தான். வேலை போனாலும் போகும்.

"ஏன் நிறுத்தினீங்கன்னு யாராவது கேப்பாங்கல்ல" என்றாள் அக்கா.

"கேக்கலன்னா?"



வாசகரே, அந்த வீடியோ உங்கள் கைபேசிக்கும் வரும். மௌனத்தை வெட்டிவிட்டு வயலினைப் போட்டிருக்கலாம். ஏன் நிறுத்தினார்கள் என்று நீங்களாவது கேளுங்கள். முடிவு எழுத அக்கா என்னை விடவில்லை. பாட்டை மட்டும் உங்களிடம் தருகிறேன். வேகமாக, கோபமாகப் பாடுங்கள். தயவுசெய்து எதையும் நிரப்பாதீர்கள்:

கதவத் தொற, காத்து வரட்டும்
கதவத் தொற, நாங்க