அரை வினாடிக்கு ஒரு சைலன்சர்

எங்கள் மாருதி 800-க்கு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட ஆசைப்பட்டது நான். வேண்டாம் என்றது என் கணவர் அச்சுதன். காரில் ஏறிய ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடுகிறவர் அவர். சத்தம் கூடினால் அந்தத் தூக்கம் போய்விடுமே என்று கவலை.

"அரை செகண்டாவது வேகம் கூடினா வச்சுக்கோ, வசு. இல்லேன்னா பழசே இருக்கட்டும்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

எரிந்த புகையை வெளியே தள்ளிய பிறகுதான் எஞ்சின் புதுக் காற்றை இழுக்க முடியும். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகள் சத்தத்தை அடக்குகின்றன, கூடவே புகையையும் மறிக்கின்றன. மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு மாடி ஏறுகிற மாதிரி. தடுப்பைக் குறைத்தால் எஞ்சினுக்கு மூச்சு லேசாகும். எவ்வளவு என்று காதை நம்பிச் சொல்ல முடியாது. சத்தம் கூடினாலே வேகம் கூடியதாகத் தோன்றும். அளந்துதான் பார்க்க வேண்டும்.

2001 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லக்ஷ்மிபாய் நகரிலிருந்து கிளம்பி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மாதச் சாமான் வாங்கிக்கொண்டு, தலைநகரின் ஓரத்தில் புதிதாக எழும்பும் துவாரகா போனோம். அங்கே சாலைகள் வந்துவிட்டன, ஆட்கள் இன்னும் வரவில்லை. மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து எழுபது கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தோம். காற்றும் மேடும் கணக்கைக் கெடுக்காதபடி, போகும்போது மூன்று முறை, திரும்பும்போது மூன்று முறை. டயர் காற்று, பெட்ரோல், ஏற்றிவிட்ட கண்ணாடி, ஸ்டாப்வாட்ச் பிடித்த அச்சுதன், எதுவும் மாறக் கூடாது.

சராசரி 10.5 வினாடி.

அன்றே முனிர்காவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சைலன்சரை மாற்றினார்கள். நான் மெக்கானிக்கோடு குனிந்து குழாயின் வளைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சுதன் எங்கோ போய்விட்டு வியர்த்து வந்து நின்றார்.

"பசிக்கறது. ரெண்டு சமோசா சாப்பிடட்டுமா?"

"டெஸ்ட் முடியற வரைக்கும் கூடாது. உங்க வெயிட் மாறிடும்."

"ரெண்டு சமோசாவிலயா?"

"ரெண்டு சமோசாவிலயும்தான்."

மறுபடி துவாரகா. 9.9 வினாடி!

"அச்சா, ஜெயிச்சுட்டே" என்றார், காதைக் குடைந்தபடி. வீடு வரும்வரை அவர் தூங்கவில்லை.

ராத்திரி நான் தோசை வார்க்கும்போது முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"அரிசி மூட்டைதான். இருபத்தஞ்சு கிலோ. எண்ணெய் டின், பருப்பு வேற. ரெண்டு மாடி ஏத்தினேனே."

"எப்போ ஏத்தினேள்?"

"நீ கார் அடியில எட்டிப் பாத்துண்டிருந்தியே, அப்போ. டிக்கி காலி கரோன்னான் மெக்கானிக். ஆட்டோ பிடிச்சு ஆத்துல போட்டுட்டு வந்தேன்."

தோசைத் திருப்பி என் கையிலேயே நின்றது. பழைய சைலன்சர் முப்பத்தைந்து கிலோவைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. புதியது காலி டிக்கியோடு. சமோசாவைத் தடுத்தவள் அரிசியைக் கோட்டை விட்டுவிட்டேன். அவருக்கு இது தோன்றவே இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் சைலன்சர் எனக்குத்தான்.

தோசை கருகும் வாசனை வந்தது. சொல்லிவிட்டேன்.

"ரெண்டு சமோசா!" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டே ரெண்டு சமோசா கேட்டேன்!"

அடுத்த ஞாயிறு மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கி, எண்ணெய் பருப்போடு மறுபடி டிக்கியில் ஏற்றினோம். வாரம் முழுக்கச் சமைத்ததில் குறைந்த எடைக்கு இரண்டு செங்கல் வைத்தேன். புதிய சைலன்சர், பழைய பாரம்: 10.3 வினாடி. சைலன்சர் தந்தது 0.2. மீதி 0.4 டிக்கியைக் காலி செய்ததால் வந்தது.

முனிர்காவில் பழையதையே மாட்டிக்கொண்டு கிளம்பினோம். அந்த 0.4 எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எங்கள் காருக்கு, எங்கள் அரிசிக்கு, நானே அளந்த எண். ஆர்.கே. புரம் சிக்னலில் நின்றபோது, டிக்கியில் மூன்று கிலோ குறைத்தால் எத்தனை வினாடி மிச்சம் என்று அச்சுதனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். மடியில் காலி சமோசாப் பொட்டலம். வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம்.